எங்கள் அம்மாவுக்குக் கீழே அவர் கையெழுத்து

அந்தப் புத்தகத்தை எழுதியவள் நான். அட்டையில் என் பெயர் கிடையாது. அட்டையில் பெயர் உள்ளவர் முன்னுரையில் அச்சகத்துக்காரர் முதல் கார் ஓட்டுநர் வரை பதினோரு பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்; அந்தப் பதினோரு பேரிலும் நான் இல்லை. தாம்பரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பல வருஷம் செல்வாக்கோடு இருந்த ஓர் அரசியல் தலைவரின் சுயசரிதை அது. அவர் இப்போது உயிரோடு இல்லை. இரும்புலியூரில் அவர் வாழ்ந்த வீட்டை அவருடைய மகன் அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் கையெழுத்திட்ட முதல் பிரதியை விரித்து வைத்திருக்கிறார்கள். விரித்திருக்கும் பக்கத்தில் இருப்பது எங்கள் அம்மா.

இதை எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று ரொம்ப நாள் தெரியவில்லை. என் வேலையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மேற்குத் தாம்பரத்தில் அரசு உதவி பெறும் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாக இருந்தேன். ஒன்பது வருஷம் தற்காலிகம். ஒவ்வொரு ஜூன் மாதமும் தாளாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, இந்த வருஷம் வேலை உண்டா இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வகுப்புக்குப் போவேன். ஓர் ஆண்டு விழாவுக்குத் தலைவர் சிறப்பு விருந்தினராக வந்தார். வரவேற்புரையை நான்தான் எழுதி வாசித்தேன். விழா முடிந்ததும் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் அவருடைய கார் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது.

வீட்டு மாடியில் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "டீச்சர், என் வாழ்க்கைய புக்கா போடணும்னு கட்சியில கேக்குறாங்க. நான் பேசுனா மீட்டிங்கு மாரி தான் வரும். நீங்க அத்த படிக்கிற மாரி பண்ணிக் குடுங்க. உங்க பேர மொதப் பக்கத்துலயே போட்டுடலாம்."

அப்புறம் எழுந்து போகும்போது, சாதாரணமாக, "தாளாளர் கிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வெக்கிறேன்" என்றார்.

ஒரு வருஷம், வாரத்தில் மூன்று நாள், பள்ளி விட்டதும் அங்கே போனேன். அவர் பேசுவார், நான் நோட்டில் எழுதுவேன், வீட்டுக்கு வந்து திருத்தி எழுதுவேன். நன்றாகப் பேசக்கூடியவர்தான். சிறையில் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து நின்றுகொண்டே தூங்கியது, முதல் தேர்தலில் சொந்தச் சித்தப்பாவே எதிர்த்து நின்றது, எல்லாம் கண் முன்னால் நடப்பது போலச் சொல்வார். அந்த ஜூன் மாதம் என்னை நிரந்தரமாக்கினார்கள். நான் சந்தோஷப்பட்டேன். அதை மறைத்து எழுத முடியாது.

புத்தகம் முக்கால்வாசி முடிந்த சமயத்தில், அம்மாவைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்று நானாகத்தான் கேட்டேன்.

அவர் சிரித்தார். "எங்கம்மாவா? களத்து மேட்டுல கட்டில் போட்டு உக்காந்துகினு ஆளுங்கள அதட்டிகினு இருக்கும். நாப்பது பேரு வேல செய்வாங்க. எனக்குச் சோறு ஊட்டுனது கூட வேலைக்காரம்மா தான். அத்த எழுதி இன்னா பண்றது?"

கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஒரு அத்தியாயம் வேணும் டீச்சர். அம்மா இல்லாத தலைவன ஜனம் ஏத்துக்காது. படிக்கிறவன் கண்ணு கலங்கணும். நீங்களே பாத்து ஒண்ணு எழுதுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். கற்பனையாக ஒரு தாயை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். மூன்றாவது தடவை எழுதியபோது எங்கள் அம்மா வந்துவிட்டாள்.

எங்கள் வீடு அனகாபுத்தூரில், ஆற்றுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. அப்பா சின்ன வயதிலேயே எங்களை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டார். அம்மா தோல் ஷாப்பில் வேலை செய்தாள். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். உப்புப் போட்டு வரும் பச்சைத் தோல்களை உதறி, சுமந்துபோய்த் தொட்டியடியில் போடுவது அவள் வேலை. அந்த நாற்றம் நகக்கண்ணில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சீயக்காய், எலுமிச்சைத் தோல், சாம்பல், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அம்மா கையால் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. ஒரு ஸ்பூனால் சாப்பிடுவாள். எனக்கும் அக்காவுக்கும் அதே ஸ்பூனால்தான் ஊட்டுவாள். சந்தில் அதைப் பார்த்து, "துரைசாணி ஸ்பூன்ல துன்றாடீ" என்று சிரிப்பார்கள். அம்மா ஸ்பூனைக் கீழே வைக்கமாட்டாள். எங்கள் கன்னத்தைத் தொட வேண்டுமென்றால் புறங்கையால் தொடுவாள்.

ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. ரொம்ப நாள் கழித்து அக்கா சொல்லித்தான் தெரியும். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று, பதினான்கு வயதில் அம்மாவோடு அதே ஷாப்புக்கு வேலைக்குப் போனாள். அவள் போனதால்தான் நான் படித்தேன். முதல் நாள் வேலைக்குப் போய் வந்த அன்று அக்காவும் சோற்றுத் தட்டின் முன்னால் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். அம்மா எழுந்துபோய் ஸ்பூனைக் கழுவி அவளிடம் கொடுத்தாளாம். இதை அக்கா என்னிடம் சொன்னபோது நான் கல்லூரியில் இருந்தேன்.

அம்மா கடைசியாகக் கிடந்தது பல்லாவரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில். தோல் ஷாப்பை விட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் அக்காவைக் கூப்பிட்டு, கையை நீட்டி, "மோந்து பாரு. போயிடுச்சா?" என்று கேட்டிருக்கிறாள். அக்கா மோந்து பார்த்துவிட்டு, "எப்பவோ போயிடுச்சும்மா" என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு மறுநாள் அம்மா போய்விட்டாள். நான் அப்போது அங்கே இல்லை. தேர்வுத்தாள் திருத்தப் போயிருந்தேன். இதையும் அக்காதான் சொன்னாள்.

எல்லாவற்றையும் எழுதினேன். எழுதும்போது அழுதேன். எழுதி முடித்ததும் மனசுக்குள் ஒரு கர்வம் வந்தது. இவ்வளவு நன்றாக நான் எதையும் எழுதியதில்லை.

தலைவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிரமாதம் டீச்சர்" என்றார். பிறகு பேனாவால் ஓர் இடத்தைத் தட்டினார். "இந்தத் தோல் ஷாப்பு மட்டும் வேணாம். எங்க குடும்பத்த தப்பா நெனச்சிடுவாங்க. இன்னா ஜாதின்னு கேப்பான். மாட்டுக் கொட்டாய்னு மாத்திடுங்க. சாணி நாத்தம். அது கௌரவமா கீது."

யாருடைய அம்மா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த அத்தியாயத்தில் ஒன்பது இடத்தில் தோல் ஷாப் என்று வந்தது. ஒன்பது இடத்திலும் என் கையாலேயே அடித்து மாட்டுக் கொட்டகை என்று எழுதினேன். தொட்டியையும் உப்பையும் எடுத்தேன். எங்கள் அம்மாவை வைத்துக்கொண்டு அவள் வேலையைத் தூக்கி வெளியே போட்டேன். அந்த நேரத்தில் அதை நான் பிழை திருத்துவது போலத்தான் செய்தேன்.

வெளியீட்டு விழா தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நான் நான்காவது வரிசையில் இருந்தேன். தலைவர் மேடையில் அந்தப் பக்கத்தைத் தானே வாசித்தார். "மோந்து பாரு, போயிடுச்சா" என்ற இடம் வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டார். நிஜமாகவே அழுதார். மண்டபத்தில் பாதிப் பேர் அழுதார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினார். தலைவர் அந்த இடத்திலேயே பேனாவை வாங்கி, அந்தப் பக்கத்தின் அடியில், 'என் தாய்க்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதுதான் முதல் பிரதி. முன்னுரையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு தடவை படித்தேன். அவரிடம் போய்க் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் அவராகவே, "பேரு உட்டுப் போச்சு டீச்சர், அடுத்த பதிப்புல போட்டுடலாம்" என்றார். மூன்று பதிப்பு வந்தது.

இதற்கிடையில் ஒரு மழைக்காலத்தில் ஆறு அனகாபுத்தூர்ச் சந்துக்குள் வந்தது. அக்கா வீட்டில் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர். அம்மாவை எடுத்த ஒரே போட்டோ அந்தச் சேற்றோடு போனது. அக்காவைப் படகில் ஏற்றிக் கூட்டி வந்தார்கள். போட்டோ போனதைச் சொல்லித்தான் அழுதாள், வீட்டுக்காக அழவில்லை.

தலைவர் இறந்தபோது ஊரெல்லாம் இரங்கல் கூட்டம் போட்டார்கள். அனகாபுத்தூரிலும் போட்டார்கள். அன்று சாயங்காலம் அக்காவிடமிருந்து போன் வந்தது. குரலில் அப்படி ஒரு பரபரப்பு.

"இன்னாடி பண்ற? மைக்ல யாரோ நம்ப அம்மாவப் பத்தி பேசிகினு கீறாங்கடி. ஸ்பூன்ல சாப்ட்டது, நமக்கு ஊட்டுனது, எல்லாம் சொல்றாங்க. அம்மாவ யாருக்குடி தெரியும்? தோ, நீயே கேளு."

போனை வெளியே நீட்டினாள் போல. நான் எழுதிய வாக்கியம் ஒலிபெருக்கியில் கேட்டது.  அவள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது. அம்மாவுக்கு யாரோ மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

பிறகு பின்னால் பேச்சாளர், 'மாட்டுக் கொட்டகையில் உழைத்து உழைத்து' என்று சொல்வது கேட்டது. 'அந்தத் தாய் பெற்ற தவப்புதல்வன்' என்று தலைவர் பெயரைச் சொன்னார். கைத்தட்டல் வந்தது.

"இன்னாடி இது?" என்றாள் அக்கா. "கொட்டாயா? அம்மா எந்தக் கொட்டாய்ல வேல செஞ்சா? இவங்கம்மான்னு சொல்றான்?"

நான் போனைக் கை மாற்றினேன்.

"அந்தாளு வூட்டுக்கு நீ எழுதப் போனியே" என்றாள். அதற்கு மேல் அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "ஆஸ்பத்திரில கைய மோந்தது எனக்கு மட்டும் தாண்டி தெரியும். உனக்குச் சொன்னேன். என் தங்கச்சின்னு சொன்னேன்."

போனை வைத்துவிட்டாள். பத்து மாதம் பேசவில்லை. நான் போய் நின்றபோதும் கதவைத் திறந்துவிட்டு அவள் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அருங்காட்சியகம் திறந்த செய்தி பேப்பரில் படத்தோடு வந்தது. கண்ணாடிப் பெட்டியும் புத்தகமும் படத்தில் தெரிந்தன. அடுத்த நாள் அக்காவே என் வீட்டுக்கு வந்தாள். நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"அங்க என்னைக் கூட்டிகினு போ" என்றாள். "நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. நீ தான எழுதுன? நீ வந்து சொல்லு, இது எங்கம்மான்னு. அவ்ளோ தான். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

"சொல்றேன் அக்கா" என்றேன்.

ஷேர் ஆட்டோவில் போனோம்.  அக்கா நல்ல புடவை கட்டியிருந்தாள்.

கீழே அவருடைய பழைய கார், செருப்பு, மூக்குக்கண்ணாடி, பொன்னாடைகள். மாடியில், நான் ஒரு வருஷம் உட்கார்ந்து எழுதிய அதே அறையில், அந்தப் பெட்டி இருந்தது. கல்லூரி முடித்த வயதில் ஒரு பெண் எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இதுதான் தலைவர் தன் தாயை நினைத்து அழுது கையெழுத்திட்ட பிரதி" என்றாள்.

அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கண்ணாடி மேல் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் போனாள். உதடு அசைந்தது. வந்தவர்கள் பார்த்துவிட்டு நகர்ந்து போனார்கள். அவள் முடிக்கக் கால் மணி நேரம் ஆனது.

"கண்ணாடியத் தொடாதீங்க பாட்டி" என்றாள் அந்தப் பெண், மரியாதையாகத்தான்.

அக்கா நிமிர்ந்தாள். "இது எங்கம்மா" என்றாள்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமா பாட்டி. படிக்கிற எல்லாருமே இதத்தான் சொல்றாங்க. எங்கம்மா மாதிரியே இருக்குன்னு. நேத்து கூட ஒரு சார் இங்க நின்னு அழுதாரு."

"மாரி இல்லம்மா. எங்கம்மாவே தான். தோல் ஷாப்ல வேல செஞ்சா. இவ தான் எழுதுனது. கேளு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அக்காவும் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துத் தலைவரின் மகன் உள்ளே வந்தார். "வாங்க டீச்சர்! சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே" என்று இரண்டு கையையும் கூப்பினார். அந்தப் பெண்ணிடம், "இவங்க எங்க டீச்சர். அப்பாவுக்கு ரொம்ப வேண்டியவங்க. காபி சொல்லும்மா" என்றார்.

அவர் என்னை மிரட்டவில்லை. அவரால் என்னை எதுவும் செய்திருக்கவும் முடியாது. நிரந்தர வேலையும் முடிந்து ஓய்வூதியமும் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் "ஆமாம், நான்தான் எழுதினேன், அது எங்கள் அம்மா" என்ற ஒரு வரி என் வாயில் வரவில்லை. முப்பது வருஷம் வகுப்பில் சத்தம் போட்டுப் பாடம் நடத்தியவள் நான். "நல்லா இருக்கீங்களா தம்பி" என்று அவரைப் பார்த்துக் கேட்டேன். அதுதான் வந்தது.

அக்கா இன்னும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகப் படி இறங்கினாள். நான் பின்னால் ஓடினேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் வந்த முதல் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். அது அவள் ஊருக்குப் போகும் பஸ் கூட இல்லை.

அன்று வாயில் வராததை ஒரு வாரம் கழித்துக் கடிதமாக எழுதி மகனுக்கு அனுப்பினேன். அவர் போன் செய்தார். கோபமே இல்லை.

"டீச்சர், நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னு எனக்குத் தெரியாதா? அதுக்காக எங்க பாட்டியே இல்லன்னு சொன்னா எப்படி? அந்த ஒரு பக்கத்துக்குத்தான் ஜனங்க வராங்க."

"உங்க பாட்டி ஸ்பூன்ல சாப்பிட்டாங்களா தம்பி?" என்று கேட்டேன்.

 "பாட்டி வாழை இலையில தான் சாப்பிடுவாங்க" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "சரி டீச்சர், ஒரு கார்டு வெக்கச் சொல்றேன்" என்று போனை வைத்தார்.

கார்டு வைத்தார்கள். போய்ப் பார்த்தேன். 'எழுத்துதவி: தலைவரின் அன்பைப் பெற்ற ஓர் ஆசிரியை' என்று இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் அம்மாவை மறுபடியும் எழுதினேன். தோல் ஷாப், உப்பு, தொட்டி, சந்தின் பெயர், எல்லாம் இருந்தபடி எழுதினேன். அக்காதான் எனக்குச் சொன்னாள் என்பதையும் எழுதினேன். ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் பொறுமையாகப் பேசினார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா இது அந்தத் தலைவர் புத்தகத்துல வர்ற அத்தியாயம் மாதிரியே இருக்கே. ஸ்பூன், கை மோந்து பாக்குறது, அப்படியே இருக்கு. மாட்டுக் கொட்டகைய மட்டும் தோல் ஷாப்னு மாத்தியிருக்கீங்க. உங்க வயசுக்கு நான் இதச் சொல்லக் கூடாது. போட்டா எங்க மேல கேஸ் போட்ருவாங்க."

நான் விளக்கினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நானும் அவர் இடத்தில் இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு அனகாபுத்தூர் போனேன். அக்கா கதவைத் திறந்தாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டு பத்திரிகை ஆசிரியர் சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் சட்டென்று சிரித்தாள். ஒலிபெருக்கி நாளுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அது நல்ல சிரிப்பு இல்லை.

"அப்போ நம்ப அம்மாவ நாமளே காப்பியடிச்சுட்டோம்னு சொல்றானா?"

"ஆமா."

"செரி, அந்தப் பேப்பர இங்க வெச்சுட்டுப் போ" என்றாள். "நான் படிக்கிறேன். நீ குந்திகினு படிச்சுக் காட்டாத. உன் வாயால அம்மாவக் கேக்க எனக்கு இஷ்டமில்ல."

தாள்களைத் தொலைக்காட்சிப் பெட்டி மேல் வைத்தேன். அவள் அடுப்பில் உலை கொதிக்கிறது என்று உள்ளே போனாள். திரும்பி வருவாளா என்று கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே அரிசி களையும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்திவிட்டுப் பல்லாவரம் பஸ்ஸுக்கு நடந்தேன்.

அது நடந்து நான்கு மாதம் ஆகிறது. அவள் படித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற உரிமை எனக்கு இல்லை.